அட்டை கிழித்த புத்தகங்கள்

பழைய புத்தகத்தின் வாசனை பிடிக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கண்ணாடி அலமாரியில் பூச்சி உருண்டையோடு இருக்கிற புத்தகம் வேண்டுமானால் மணக்கலாம். நான் அறிந்த பழைய புத்தகம் மழையில் நனைந்து, கட்டோடு புழுங்கி, எலி மூத்திரம் பட்டு, லாரியிலிருந்து தரையில் கொட்டப்படுவது. அது நாறும்.

என் அம்மா முட்டை அட்டை செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை முட்டைகள் எந்த ஊருக்குப் போனாலும் குழிகுழியான சாம்பல் நிற அட்டையில் உட்கார்ந்துதான் போகும். கழிவுக் காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, அச்சில் பிடித்துக் காயவைத்தால் அந்த அட்டை. வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள், புத்தகம் எல்லாம் ஒரே தொட்டியில் ஊறும். தொட்டியின் நாற்றம் அம்மாவின் சேலையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். சின்ன வயதில் நான் தின்ற சோற்றிலும் அது இருந்தது. அதை இன்று நினைத்து நெகிழ என்னால் முடியாது.

தொட்டிக்குள் போடுவதற்கு முன் புத்தகங்களின் மேலட்டையைக் கிழித்துவிட வேண்டும். வழவழப்பான அட்டை தண்ணீரில் கரையாது, அரவையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அம்மாவுக்கு அந்த வேலைதான். காலையிலிருந்து பொழுது சாயும் வரை அட்டை கிழிப்பாள். எழுத்துத் தெரியாது. பஸ்ஸின் பலகையைக் கூடப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத்தான் ஏறுவாள்.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் கிழித்த புத்தகங்களில் கொஞ்சம் காய்ந்ததாகப் பார்த்து எடுத்துவந்து கொடுப்பாள். "படி சாமி" என்பாள். மாட்டு நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. பாதியில் தொடங்குகிற ஒரு கொலைக் கதை வந்தது. தொழிலாளர் சட்டம், பலகாரம் செய்யும் முறை, ராஜாக்கள் கதை என்று எது எதுவோ வந்தன. எல்லாம் அம்மாவுக்கு ஒன்றுதான். புத்தகம் என்றால் படிப்பு, படிப்பு என்றால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்றால் மகள் தன்னைப் போல நாற்றத்தில் நிற்கமாட்டாள். நான் கொலைக் கதையில் மூழ்கியிருக்கும்போது யாராவது என்னைத் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டால், "புள்ள படிக்குது, கூப்படாதீங்க" என்று அவளே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அஸ்தம்பட்டியில் வாடகை அறை.

அந்த நூலகத்துக்கு வருகிறவர்களில் சிலர் பேசுகிற பேச்சைக் கேட்டால் எரிச்சல் வரும். "வாசிப்பெல்லாம் ரத்தத்துல வரணுங்க. எங்க தாத்தா காலத்துலேருந்து வீடு பூரா புத்தகந்தான்" என்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சின்ன வயசுல என்னென்ன படிச்சீங்க?" என்று கேட்பார்கள். நான் படித்த எந்தப் புத்தகத்துக்கும் பெயர் இல்லை, எழுதியவர் இல்லை. அட்டையோடு அதெல்லாம் போய்விட்டது. உள்ளே இருப்பதை மட்டும் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் ஒரு பெயருக்காகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் சிரித்து நகர்ந்துவிடுவார்கள்.

என் அண்ணன் ஐந்தாவதோடு நின்றவர். போர்வெல் வண்டியில் ஆளாகப் போய், இப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தமாக ரிக் வண்டி வைத்திருக்கிறார். மாடி வீடு, கார், ஒரே மகள். அவருக்கு எழுத்துத் தெரியும். அதனால் பாடப்புத்தகம் எது, கதைப்புத்தகம் எது என்றும் தெரியும். லீவில் மகள் நான் வாங்கித்தந்த புத்தகத்தோடு சோபாவில் கிடந்தால் கத்துவார்: "படிக்காம என்னத்தப் படிச்சுட்டு கெடக்கறே?"

இந்தக் கேள்வி எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் கேட்கும். யாருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

அந்தக் குழந்தையை அண்ணன் மூன்றாம் வகுப்பிலேயே ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார். இப்போது ஐந்தாவது. இந்த வருடம் பள்ளி திறக்கும்போது நான் கொடுத்த ஒரு கதைப்புத்தகத்தைத் துணிகளுக்கு நடுவில் ஒளித்து எடுத்துப் போனாள். கழுத்து மணியைத் தொலைத்துவிட்டுத் தேடிப்போகும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. அதற்கு முந்தைய லீவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதிலிருந்த ஆட்டுக்குட்டிப் படத்துக்கு வண்ணம் அடித்திருந்தாள். ஆட்டுக்குட்டியின் வாலுக்குப் பச்சை.

"ஆட்டுக்கு எங்க சாமி பச்சை வாலு?" என்று அம்மா கேட்டாள்.

"இந்த ஆட்டுக்கு இருக்குதுங்காத்தா" என்றாள் பேத்தி.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். வேலை விட்டு வந்த அம்மா கை கூடக் கழுவாமல், மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஈரம். அட்டை இல்லை.

"இதப் பாரு சாமி. நம்ம பாப்பாளோடதாட்ட இருக்குது. அட்டையக் கிழிச்சு வீசிப்போட்டேன். அப்பறந்தான் பச்சை வாலு கண்ணுல பட்டுது."

அவளுடையதுதான். அவள் படிக்கும் பள்ளி உட்பட அந்த வட்டாரத்துப் பள்ளிகளின் கழிவுக் காகிதம் எல்லாம் அம்மாவின் கம்பெனிக்குத்தான் எடைக்கு வரும். நான் ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேறு பயம்.

"படிக்கற புஸ்தகத்த எதுக்கு எடைக்குப் போட்டாங்க? புள்ளைய நிறுத்திப்போட்டாங்களா?"

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் ஒன்னும் இல்ல அம்மிணி, கதை புஸ்தகத்தப் புடுங்கியிருப்பாங்க" என்றார். ஆனால் அம்மா நம்பவில்லை. பேத்தியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றாள். மறுநாள் மூன்று பேரும் அண்ணன் காரில் போனோம்.

பள்ளியின் வரவேற்பறையில் சுவர் நிறைய ஒரு படம். சீருடைப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். புத்தகம் எல்லாம் புத்தம் புதியவை, பளபளக்கும் அட்டையோடு. கீழே "வாசிக்கும் தலைமுறை எங்கள் தலைமுறை" என்று எழுதியிருந்தது.

தங்கச்சி, காலேஜ் லைப்ரரியில வேலை என்று அண்ணன் என்னை அறிமுகப்படுத்தினார். தாளாளர் நன்றாகத்தான் பேசினார். "ஸ்டோரி புக் ஹாஸ்டல்ல அலவ் இல்லீங்க மேடம். சேர்க்கும்போதே சொல்லியிருக்கோம். சாருக்குத் தெரியும்."

"தெரியுங்க சார்" என்றார் அண்ணன்.

"எடுத்து வெச்சீங்க, சரி" என்றேன். "எடைக்கு எதுக்குங்க போட்டீங்க?"

"வருசா வருசம் சேருதுங்க. எலி வருது, எலிக்குப் பாம்பு வருது. எங்க வெக்கச் சொல்றீங்க?"

நான் புத்தகத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். முட்டை அட்டை கம்பெனியில் கிடந்தது என்று சொன்னேன். அவர் பேனாவின் முனையால் அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, புத்தகத்தைத் தொடாத தன் கையில் கிருமி மருந்தை ஊற்றித் தேய்த்துக்கொண்டார். அம்மா தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். வாழ்நாளில் எத்தனையோ நாற்றத்தைச் சகித்திருக்கிறேன். அந்த மருந்தின் எலுமிச்சை வாசனையை மட்டும் சகிக்க முடியவில்லை.

"இது உங்களுக்கு எப்படிங்க கெடைச்சுது?" என்றார்.

"எங்கம்மா அங்கதான் வேலை பாக்கறாங்க. உங்க புள்ளைங்க புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை கிழிக்கறது இவிங்கதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் வெட்கத்தை எதிர்பார்த்திருந்தேன்.

"அட, அப்படிங்களா? படிக்காத அம்மா, படிச்ச பொண்ணு, அதுவும் லைப்ரரியில வேலை. அடுத்த மாசம் எங்க வாசிப்பு வாரம் வருதுங்க மேடம். குடும்பத்துல வாசிப்பு எப்படி வருதுன்னுதான் தலைப்பே. நீங்க ரெண்டு பேரும் மேடைக்கு வரணும். அம்மா பேசவே வேண்டாம், சும்மா உக்காந்தாப் போதும். பேரண்ட்ஸுக்கு ஒரு மோட்டிவேசனா இருக்கும்."

"அம்மா பேசட்டுங்க. உங்க வாசிப்பெல்லாம் எந்தத் தொட்டியில ஊறுதுன்னு சொல்லுவாங்க" என்றேன்.

மேசைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தார்.

ஹாஸ்டல் வார்டன் குழந்தையைக் கூட்டிவந்தார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை. அம்மா அவள் கன்னத்தைத் தொடப் போய், கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நான் புத்தகத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாறுதுங்க அத்தை" என்றாள்.

"வேற புதுசு வாங்கித் தரட்டுமா?"

அவள் வார்டனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "வேண்டாங்க. கதை படிச்சா மார்க்கு போயிருமாம். எனக்கு இப்பப் புடிக்கறதும் இல்லைங்க."

அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு அது ஒரு வெற்றி. ஒரு குழந்தைக்கு மிட்டாய் பிடிக்காமல் செய்வது கூட இவ்வளவு சீக்கிரம் முடியாது.

திரும்பும் வழியில் கோழிப்பண்ணைகளைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அண்ணன் அம்மாவுக்கு விளக்கினார். பேத்தியை யாரும் நிறுத்தவில்லை, அந்தப் புத்தகம் படிப்பில் சேராது, அது சும்மா கதை என்றார். அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நான் உனக்குக் கொண்டாந்து குடுத்ததெல்லாம்?"

"கதை, சமையலு, மாட்டு வைத்தியம். எல்லாங் கலந்துதாம்மா."

"பள்ளிக்கோடத்துப் படிப்பு இல்லையா?"

"இல்லைம்மா."

அண்ணன் சிரித்தார். "பூரா குப்பைம்மா. இவ ஏமாத்தியிருக்கறா உன்னைய."

"ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?" என்றாள் அம்மா. "தெரிஞ்சிருந்தாக் குடுத்திருக்கமாட்டேன். உன்னைய வேற வேலையாச்சும் ஏவியிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். எனக்கு அது ஒரு அடி மாதிரி விழுந்தது. என் வாசிப்பு எந்த ரத்தத்திலும் வரவில்லை. படிப்பு என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது என் அம்மாவுக்குத் தெரியாமல் இருந்ததால் வந்தது. அண்ணனுக்குத் தெரிந்திருந்ததால் அவர் மகளிடம் அது நின்றுபோகப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை போன மனிதர் எழுத்தோடு சேர்த்து இந்தப் பிரிவினையையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அதைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடங்கள் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு அண்ணன் மேல் இருப்பதைவிட அதிகம். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

ஹாஸ்டல் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனில் பேசலாம். வரிசையில் நின்று, வார்டன் முன்னால், ஸ்பீக்கரில் பேச வேண்டும். அண்ணன் வண்டிகளோடு வெளிமாநிலத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தேன். அண்ணி மகளிடம் பேசிவிட்டு, "நீங்களும் பேசுங்க, இன்னும் நேரமிருக்குது" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "இல்லைங்க".

"அத்தை" என்றாள் திடீரென்று. வார்டனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தியிருந்தாள். "ஆத்துக்குள்ள மணிச் சத்தம் கேட்டுதுல்லங்க? அதோட புடுங்கிட்டாங்க. அப்பறம் என்னாச்சுங்க?"

பிடிப்பதில்லை என்று சொன்னவளுக்கு, நிறுத்திய வரி வரை ஞாபகம் இருந்தது. புத்தகம் என் பையிலேயே இருந்தது. காயவைத்ததில் தாள்கள் அப்பளம் போல நெளிந்திருந்தன. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"யாருங்க அது? என்ன சொல்றீங்க பாப்பாவுக்கு?" என்று வார்டனின் குரல் குறுக்கே வந்தது.

"அத்தைங்க. பாடம் சொல்லித் தர்றேன்" என்றேன்.

"பாடங்களா, சரி சரி. சீக்கிரம் முடிங்க. பின்னாடி புள்ளைங்க நிக்குது."

பாடம் என்றதும் விட்டுவிட்டார். ஒரு குழந்தைக்குக் கதை சொல்ல இப்படித் திருடனைப் போலப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வாய் கசந்தது. கசந்தாலும் வாசித்தேன். ஆட்டுக்குட்டி ஆற்றில் இறங்குகிறது, தண்ணீர் கழுத்துக்கு வருகிறது, மணி ஒரு மீனின் வாயில் இருக்கிறது. மூச்சு விட ஒரு நொடி நிறுத்தினேன். அந்த நொடியில் அந்தப் பக்கம் வரிசையின் சலசலப்பு இல்லை. செருப்புச் சத்தம் கூட இல்லை. எனக்குத் தெரியாத ஒரு சிறுமியின் குரல் மட்டும் தூரத்திலிருந்து வந்தது.

"அக்கா, சித்த சத்தமாச் சொல்லுங்க. இங்க கேக்கல."

எழுந்துபோய்ச் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தச் சொல்லி அண்ணியிடம் கை காட்டினேன். பிறகு குரலை உயர்த்தினேன்.