உருவமில்லாத சிலுவை

சிலுவையைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ஆள் கிடையாது என்று நம்பித் திரிந்த மடையன் நான். கண்டியில் ஒரு பாதிரியாரிடம் கொஞ்சம் பாடம் கேட்டுவிட்டு, மடுல்கெல்லப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு உபதேசியாராகப் போயிருந்தேன். கொஞ்சம் படிப்பு, நிறைய வாய்.

அங்கே கோப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண் இருந்தாள். மெலிந்தவள், கத்தோலிக்கச்சி. கழுத்துக் கயிற்றில் ஒரு பித்தளைச் சிலுவை. பேசும்போதெல்லாம் அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்த்துத் தேய்த்து, அதிலிருந்த இயேசுவுக்கு முகமே இல்லாமல் போயிருந்தது.

அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் செத்துப்போனான். குழிமேல் நட, தோட்டத்துத் தச்சனிடம் சொல்லி ஒரு மரச்சிலுவை செய்வித்தேன். எங்கள் புராட்டஸ்டன்ட் சபை வழக்கப்படி, இயேசுவின் உருவம் இல்லாத வெறும் சிலுவை.

"இதுல சாமி இல்லையே அய்யா," என்றாள் அவள். "ஒரு உருவம் செதுக்கச் சொல்லுங்க. எம்புள்ள அங்க தனியாக் கெடக்கான்."

நான் விடுவேனா? ஆதிக் கிறிஸ்தவர்கள் மீனையும் நங்கூரத்தையும்தான் வரைந்தார்கள், சிலுவையில் உடலை வைத்ததெல்லாம் பல நூறு வருடம் கழித்துத்தான் என்று அளந்தேன். கடைசியில், பெரிய பகிடி என்று நினைத்து, "அவருதான் மூணாம் நாளே எந்திரிச்சுப் போயிட்டாரேம்மா, இன்னும் எதுக்கு ஆணியில தொங்கவிடணும்?" என்று சிரித்தேன்.

தச்சனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செதுக்கியிருப்பான். எனக்குத்தான் வாதத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

"எம்மகன் இன்னும் எந்திரிக்கலைங்களே, அய்யா."