ஒரு வலியை என்கிட்ட குடு

நம்பினால் நம்புங்கள். இது எனக்கு நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிவாக்கில்.

தலைப்பிரசவம். வலி ஆரம்பித்து இரண்டு ராத்திரி ஆகியிருந்தது. கொஞ்சம் கண் அசந்தால் போதும், இடுப்பைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிடும். என் கணவர் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டார். மாமியார், "நானெல்லாம் வலியோட வீட்டையே கழுவிவிட்டேன்" என்று தெம்பூட்டினார். அந்தத் தெம்பில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கிளம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நர்ஸ் பரிசோதித்துப் பார்த்தார். "இப்பத்தான் ஆரம்பம். இன்னும் நேரமாகும். வலிக்கு நடுவுல கொஞ்சம் தூங்கிக்கங்க. இப்பவே தெம்பு தீர்ந்துட்டா அப்புறம் முக்க முடியாது" என்றார். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். கணவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த அறையில் இரண்டு கட்டில். நடுவில் பச்சைத் திரை. பக்கத்தில் ஆள் இருப்பதாக நர்ஸ் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தூக்கம்தான் வேண்டியிருந்தது. வலி விட்டால்தானே தூங்க?

"தூக்கம் வரலையா?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். பரிவான குரல். இரண்டு நாளில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள்.

"ரெண்டு நாளா இல்லக்கா."

"ஒரு வலியை என்கிட்ட குடு. நீ கொஞ்சம் கண்ணை மூடு."

அந்தக் களைப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "தாராளமா எடுத்துக்கங்க" என்றேன்.

அடுத்த வலி வரும் நேரம். வயிறு கல்லாக இறுகியது. ஆனால் வலிக்கவில்லை. அந்தப் பக்கம் கட்டில் மட்டும், கிரீச்... கிரீச்... "ம்ம்ம்..." என்று பல்லைக் கடிக்கும் முனகல்.

பிறகு அமைதி.

"இன்னொண்ணு?" என்றாள்.

"எடுத்துக்கங்க" என்றேன். தூங்கிப்போனேன். அப்படியொரு தூக்கம் என் வாழ்நாளில் தூங்கியதில்லை.

விழித்தபோது மணி ஐந்து. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. என் முந்தானை படபடத்தது. அந்தத் திரை மட்டும் அசையவேயில்லை.

வயிற்றில் கை வைத்தேன். வலி இல்லை. இறுக்கமும் இல்லை.

குழந்தை அசையவில்லை.

தட்டினேன். தடவினேன். ஒன்றுமில்லை...

அந்தப் பக்கம் அவள் கொஞ்சிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க.

"வந்துடு கண்ணு... அம்மா இருக்கேன்ல..."

திரைப் பக்கம் திரும்பினேன்.

"அக்கா... என் வலியைக் குடுங்க."

"நீதான் களைச்சுப் போயிட்டியே."

"பரவால்ல. குடுங்க."

"பாதி வந்துட்டான்..."

திரையைப் பிடித்து இழுத்தேன்.

கட்டிலில் யாரும் இல்லை.

கிரீச்... கிரீச்...

"குடுடீ!"

அத்தனை வலியும் மொத்தமாக என்மேல் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அரை மணி நேரத்தில் பையன் பிறந்தான். உடம்பு நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டித் தட்டித்தான் அழ வைத்தார்கள்.

மறுநாள் காலை, என்னை மாற்றியிருந்த அறைக்கு, அந்த முந்தின அறையைத் துடைக்கிற ஆயா வந்து என்னைத் திட்டினார்.

"உன் கட்டில் இருக்கறப்ப, பக்கத்துக் கட்டில்ல எதுக்கும்மா போய்ப் படுத்தே? பனிக்குடம் அங்க உடைஞ்சு மெத்தை பூரா நாசம். உன்னோடது காஞ்சு கிடக்கு."

"நான் அந்தப் பக்கம் போகவே இல்ல ஆயா."

ஆயா முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து, காதோடு கேட்டார்.

"நீயும் குடுத்தியா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"குடுத்தவங்க நிறையப் பேரும்மா. எல்லாருக்கும் பிள்ளை செத்துத்தான் பொறந்துது. திருப்பிக் கேட்டவ நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சுமா அந்தக் கட்டிலை அங்க வெச்சிருக்கீங்க?"

"நான் சொன்னா யாரு கேக்கறாங்க? கட்டில் பத்தலைங்கறாங்க." ஆயா வாளியை எடுத்துக்கொண்டார். "இப்பத்தான் உன் கட்டில்ல ஒரு பொண்ணைக் கொண்டாந்து படுக்க வெச்சிருக்காங்க. ரொம்பக் களைச்சுப் போய் வந்திருக்கு."