பக்கத்து சீட்டில் சிரித்தவள்

குவைத்தில் இருந்த கணவரின் முகம் பார்க்க, பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி நெட் சென்டருக்குப் போயிருந்தேன். கேமரா ஓடவில்லை, சரிசெய்யலாம் என்றால் செட்டிங்ஸே திறக்கவில்லை. கடைக்காரரும் கைவிரித்துவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரி, திரையில் தன் முகத்தைப் பார்த்து நெற்றிப் பொட்டைத் திருத்திக்கொண்டே இருந்தாள்.

“வேற யூசர் பேர்ல உள்ள போக்கா, செட்டிங்ஸ் திறந்துக்கும்” என்று அவளே செய்து கொடுத்தாள். கேமரா ஓடியது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் இப்படி ஆச்சுக்கா. எங்க வூட்டுக்காரரு துபாய்லருந்து போன்ல சொல்லிக்கினே இருந்தாரு, நான் செஞ்சேன். தினம் பேசுவாரு.”

எனக்கு வயிறு எரிந்தது. என்னவர் வாரம் ஒருமுறை பேசினாலே பெரிது.

திரையில் வந்த என் கணவர், “எல்லாரும் நல்லா கீறீங்களா?” என்று கேட்டார். உடனே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவளோ, அதற்குள் தன் திரையில் வந்துவிட்ட கணவனோடு பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் அப்படிச் சிரிக்க என்னதான் சொல்லியிருப்பான் அவள் கணவன்? இன்றும் யோசிக்கிறேன்.