வாசல் பலகையில் ஒரு கலியாணம்

சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஈழத் தமிழரான எங்களுக்குச் சாமத்தியவீடு என்ற பூப்பு விழா, பிறந்தநாள் எல்லாம் ஒரே மண்டபத்தில்தான். அதனால் என்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் குர்திய நண்பன், மகளின் கலியாணத்துக்கு இடம் தேடியபோது நானே அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டபப் பொறுப்பாளரான சுவிஸ்காரர் முகம் சுழித்தார். "குர்துகளா? சண்டை வரும், பொலிஸ் வரும்." பிறகு இரக்கப்பட்டவர்போல ஒரு வழி சொன்னார். வாசலில், அன்றைய நிகழ்ச்சியை எழுதும் கரும்பலகை உண்டு. "அதில் துருக்கியக் கலியாணம் என்று எழுதிவிடுவோம். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

நண்பன் எழுந்துவிட்டான். "ஊரில், துருக்கிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியைப் பேசினால் அடி. இங்கேயும் என் பிள்ளை வேறு பெயரிலா கலியாணம் செய்ய வேண்டும்? மண்டபமே வேண்டாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நாங்கள் வந்த புதிதில் எங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். "எங்கள் விழாவுக்கு இந்திய விழா என்று எழுதிப் பாருங்கள். எங்கள் பெண்கள் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பெண்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சரி. ஆனால் ஞாயிறு காலை மண்டபம் பளபளக்க வேண்டும். நீதான் பொறுப்பு."

பலகையில் 'குர்தியக் கலியாணம்' என்று மணப்பெண்ணே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சனிக்கிழமைக் கலியாணத்தில் மானத்தை வாங்கியது நாங்கள்தான். எங்கள் வழக்கப்படி சாப்பிட்டோம், கை கழுவினோம். "இஞ்சாருங்கோ, வெளிக்கிடுவமே?" என்றாள் மனைவி. தமிழர் எல்லாரும் எழும்ப, நண்பன் ஓடிவந்து கதவை மறித்தான். "என்ன குறை வைத்தோம்? ஆட்டமே இனித்தானே!" முழங்கால் வலி என்று முணுமுணுத்த மனைவி, சுண்டுவிரல் கோத்து ஆடும் வரிசையில் போய் மாட்டினாள். பிறகு அவளை வெளியே எடுக்கத்தான் நான் பட்டபாடு! சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

விடிந்ததும் எல்லாருமாக மண்டபத்தைத் தேய்த்துக் கழுவினோம். பொறுப்பாளர் வந்து கதவின் மேல்விளிம்பைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. வாசலில் நின்றார். எல்லாவற்றையும் துடைத்த நண்பன் பலகையை மட்டும் தொடவில்லை.

அவர் பையிலிருந்து துடைக்கும் துணியை எடுத்தார். கொஞ்சநேரம் பலகையைப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்பப் பையில் வைத்தார்.

"அடுத்த நிகழ்ச்சி வியாழன்தான். அதுவரை இருக்கட்டும்."

வியாழன்வரை நண்பன் வேலை முடிந்து அந்த வாசலைக் கடந்துதான் வீட்டுக்குப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வழி நேர்எதிர்த் திசையில்.