மேசை இல்லாத மண்டபம்

மாணவர்கள் உட்காரக் கூடாது என்பதற்காகவே ஒரு மாணவர் மண்டபம் கட்டினார்கள். அதற்குச் செலவுக் கணக்குப் போட்டவள் நான்.

நான் குவான்டிட்டி சர்வேயர். வரைபடத்தைப் பார்த்து, கம்பி, கண்ணாடி, கதவு, விளக்கு என்று பிரித்து, கட்டடத்துக்கு என்ன செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு கான்ட்ராக்டர் கேட்கும் தொகையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஆர்க்கிடெக்ட் திட்டுவார், முடிவில் கான்ட்ராக்டர் திட்டுவார். நடுவில் கட்டச் சொன்னவர்கள் திட்டுவார்கள். அலுவலகம் தஞ்சோங் பகாரில். வீடு மார்சிலிங்கில். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறவளிடம் யாரும் இனிமையை எதிர்பார்க்கக் கூடாது.

அந்தக் கல்லூரி வளாகத்தில் இரண்டு பழைய கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதில் மாணவர்கள் கூடிப் பழக ஒரு மண்டபம் வேண்டும் என்றார்கள். பணத்தில் பெரும்பகுதியை ஒரு தொழிலதிபர் கொடுத்தார். வரைந்தவர் ஒரு தமிழர், சொந்தமாகச் சின்ன நிறுவனம் நடத்தும் இளைஞர். என்னை அக்கா என்பார். அவருடைய முதல் வரைபடம் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிச் சுவர் நெடுக நீளமான மேசைகள், பெஞ்சுகள், ஒவ்வொரு மேசைக்கும் அடியில் பிளக். மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கலாம். ஒரு வரைபடம் நன்றாக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் வளர்ந்தது புக்கிட் மேராவில், ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில். வீட்டில் மேசை என்று ஒன்று இருந்தது. அதன் மேல் டிவி இருந்தது. பரீட்சைக்கு நான் படித்தது பெரும்பாலும் துரித உணவுக் கடைகளில். ஒரு பானத்தை வாங்கி, ஐஸ் கரைந்து தண்ணீராகும்வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைக்காரப் பெண் என் முழங்கைக்கு அடியில் துணியை விட்டுத் துடைப்பாள், எழுந்து போ என்று அர்த்தம். பிறகு ‘இங்கே படிக்கக் கூடாது’ என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கப்புறம் விமான நிலையத்துக்குப் போய்ப் படித்தேன். விமானம் ஏறாமல் அங்கே அத்தனை தடவை போனவள் நானாகத்தான் இருப்பேன். இதைக் கேட்டு யாரும் உருக வேண்டாம். எனக்கு அதில் இருப்பது எரிச்சல் மட்டும்தான். படிக்க ஒரு மேசை கேட்டதற்கு ஊரே என்னை விரட்டியது.

அதனால் அந்த மண்டபத்தில் மேசை இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது வரைபடத்தில் கூரைக்கு அடியில் மரத்தால் ஒரு அலை முளைத்தது. வளைந்து வளைந்து போகும் மரச் சீலிங். ஒவ்வொரு துண்டும் வேறு அளவு, வெளிநாட்டில் அறுத்துக் கொண்டுவர வேண்டும். கணக்குப் போட்டேன். ஒதுக்கிய பணத்துக்கு மேலே போய்விட்டது. எதையாவது வெட்ட வேண்டும் என்று கூட்டம் கூடியது.

கல்லூரியின் கட்டட மேலாளர்தான் கூட்டத்துக்குத் தலைமை. அவரும் தமிழர்தான். ஆனால் கூட்டத்தில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார். தமிழ் அவருக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டும்போது வரும். அன்று என் தாளைப் பார்த்துவிட்டு மேசைகளை எடுத்துவிடலாம் என்றார்.

“சீலிங்க எடுங்க,” என்றேன். “அதுல ஒரு மூலைக்கு ஆகுற செலவுல எல்லா மேசையும் வந்துடும்.”

ஆர்க்கிடெக்டும் பதறிப்போய்த் தமிழுக்குத் தாவினார். “அக்கா, சீலிங்தான் இந்த பில்டிங்கோட ஆத்மா.”

“ஆத்மா மேல லேப்டாப் வைக்க முடியுமா தம்பி?”

மேலாளர் கையை உயர்த்தினார். மாணவர்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்டார்களாம். எல்லாரும் கேட்டது மேசை, பிளக், இரவு வெகுநேரம்வரை திறந்திருக்கும் இடம். அப்படியானால் கொடுங்கள் என்றேன்.

அதற்கு அவரும் தமிழுக்கு வந்தார். “அதான் மேடம் பிரச்சினையே. கொடுத்தா வீட்டுக்கே போக மாட்டாங்க லா. டிஷ்யூ பாக்கெட்ட வச்சு சீட்டு புடிச்சுட்டு காலைலேருந்து உட்கார்ந்திருப்பாங்க. இது லைப்ரரி இல்ல. இங்க சோஷியலைஸ் பண்ணணும்.”

“நின்னுக்கிட்டேவா?”

“அகலமா படி வருது, பாருங்க. படியில உட்காரலாம்.”

“சாய ஒண்ணுமில்லாத படியில எவ்வளவு நேரம் உட்கார முடியும்? முதுகு போயிடும்.”

“அதான் வேணும்,” என்றார். சிரிக்கவில்லை. உண்மையாகவே அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மேசைகள் போயின. பிளக்குகளையும் எடுக்கச் சொன்னார். தரையைப் பளபளப்பாக்கும் மெஷினை எதில் சொருகுவீர்கள் என்று கேட்டேன். அந்த ஆளுக்குத் தரை என்றால் உயிர். யோசித்துவிட்டு, சுவர் நெடுக பிளக் இருக்கட்டும் என்றார். மாணவர்களுக்கு மின்சாரம் கொடுக்க மனமில்லாதவர் தரைக்குக் கொடுத்தார்.

நான் விடவில்லை. மேசையின் செலவையும் சீலிங்கின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த வாரமே மேலாளர் என்னைச் சிராங்கூன் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்தார். அங்கே தமிழ் ஆறாக ஓடியது.

“தங்கச்சி, இந்த மேசை விஷயத்த விட்டுருங்களேன்.”

“எனக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்காரு. அவரையே சமாளிக்க முடியல.”

அதற்குச் சிரித்தார். இலையில் எனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். அடுத்ததாக ஹாஸ்டல் கட்டப் போகிறார்கள், பெரிய வேலை, யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று மேலிடத்தில் பார்ப்பார்கள் என்றார்.

“இத அப்படியே ஈமெயில்ல போடுங்க,” என்றேன்.

“எதுக்கு ஈமெயிலு? பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்.”

அந்த மனிதர் எதையும் எழுத மாட்டார் என்று அன்று கண்டுகொண்டேன். உத்தரவெல்லாம் வாயால்தான். தப்பாகப் போனால் நான் சொல்லவே இல்லையே என்பார். இந்தத் தொழிலில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். அப்பளத்தைச் சாப்பிட்டுவிட்டு என் பங்கை நானே கொடுத்தேன்.

மண்டபம் எழும்பியது. மர அலையும் வந்தது. அழகாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் அவர்கள் செய்த கோமாளித்தனம் அவர்களுக்கே தெரிந்தது. பஃபே இல்லாமல் இந்த ஊரில் ஒரு குழாயைக்கூடத் திறக்க மாட்டார்கள். கேட்டரிங் ஆள் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார். வைக்க ஒரு பலகை இல்லை. பணம் கொடுத்த தொழிலதிபர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்காருவாரா? மேலாளர் அலறி அடித்துக்கொண்டு மடக்கு மேசைகளும் மடக்கு நாற்காலிகளும் வாங்கிவந்தார். அவசரத்துக்கு வாங்கியதால் விலையும் அதிகம். விழா முடிந்ததும் அவற்றை மடக்கி, சுவரில் கதவில்லாமல் உள்வாங்கியிருந்த ஒரு இடத்தில் சாய்த்து வைத்தார்கள்.

மறுநாளே மாணவர்கள் அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிச் சுவர் ஓரமாக, பிளக்குக்குப் பக்கத்தில். முதல் வரைபடத்தில் மேசை இருந்த அதே இடம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் எனக்குப் படம் அனுப்பினார்: “அக்கா, உங்க மேசை வந்துடுச்சு.” கல்லூரியின் விளம்பரப் பிரிவும் வந்து படமெடுத்தது. மேசைகளில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு படிக்கும் அந்தப் படம் கல்லூரி இதழின் அட்டையில் வந்தது. தொழிலதிபருக்கு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டும் கொடுத்தார்களாம்.

பிறகு ஒரு நாள், கட்டடத்தில் உள்ள குறைகளைப் பார்க்கப் போனேன். மேசை ஒன்றுகூட இல்லை. உள்வாங்கிய இடத்துக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். மாணவர்கள் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பிளக்குக்கு ஓர் ஆள் என்று. ஒரு பெண் சப்பணமிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத பிளக்குகளுக்குக் கீழே தரையில் டிஷ்யூ பாக்கெட்டுகள். தரைக்கே இடம் பிடித்துவிட்டார்கள். பளபளப்பாக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சொருக இடமில்லாமல் நின்றார்.

மேலாளரிடம் போய்ச் சாவி எங்கே என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல. ஃபங்ஷன் இருந்தா திறப்போம்.”

“பிள்ளைங்க தரையில கிடக்குதுங்க.”

“தரை சுத்தமா இருக்கு மேடம்.”

என் வயதுக்கு இரத்த அழுத்தம் நல்லதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கடைசிக் கணக்கு என் மேசைக்கு வந்தபோது அதில் அந்தக் கதவும் இருந்தது. கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளரை அழைத்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அலட்டிக்கொள்ளாத ஆள்.

“இந்தக் கதவப் போடச் சொல்லி எழுத்துல ஏதாவது இருக்கா?”

“சார் போன்ல சொன்னாரு மேடம்.”

“போன்ல சொன்னதுக்கு நான் காசு கொடுக்க முடியாது.”

ஒப்பந்தத்தில் இல்லாத எதைச் செய்தாலும் எழுத்தில் உத்தரவு வேண்டும். அதுதான் விதி. வழக்கமாக, வேலை முடிந்த பிறகு ஒரு காகிதத்தை வாங்கிக் கோப்பில் சொருகிவிட்டுச் சின்னச் சின்னவற்றை விட்டுவிடுவோம். எல்லோரும் விடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். இந்தக் கதவை விடவில்லை. மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: கதவு எதற்காக என்று காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், ஆர்க்கிடெக்ட் உத்தரவு போடுவார், நான் பணம் கொடுக்கச் சொல்கிறேன். கல்லூரி முதல்வருக்கும் நிதிப் பிரிவுக்கும் ஒரு பிரதி போட்டேன்.

பதில் எழுத்தில் வரவில்லை. போனில் வந்தது.

“தங்கச்சி...”

“மேடம்.”

“மேடம், ஒரு சின்னக் கதவு. சும்மா சாமான் வைக்கன்னு போட்டு முடிச்சிடுங்களேன்.”

“நான் ஏன் போடணும்? நீங்க போடுங்க. மாணவர்கள் மேசைய எடுத்துடக் கூடாதுன்னு பூட்டினேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அன்னைக்கே பாஸ் பண்றேன்.”

போனை வைத்துவிட்டார். எப்படி எழுதுவார்? இதழின் அட்டையில் அந்த மேசைகள் இருக்கின்றன. தொழிலதிபரின் சுவரில் தொங்குகின்றன.

ஆர்க்கிடெக்ட் கெஞ்சினார். “அக்கா, ஒரு கதவுக்காக மொத்தக் கணக்கும் நிக்குது. எனக்கும் கடைசிப் பணம் வரணும்.”

“நிக்கட்டும். பிள்ளைங்க தரையில உட்கார்ந்திருக்கும்போது கணக்கு கொஞ்சம் நிக்கலாம்.”

“உங்களோட வேலை செய்றது ரொம்பக் கஷ்டம் அக்கா.”

“மரத்துல அலை விட்டவன் பேசாத.”

கடைசியில் வழி சொன்னவர் மேற்பார்வையாளர்தான். “மேடம், கதவக் கழட்டி எடுத்துட்டுப் போயி, கணக்குலேருந்தும் எடுத்துட்டா?”

“கதவு இல்லன்னா எனக்குக் கேள்வி இல்ல. ஆனா அவரக் கேட்டுட்டுக் கழட்டுங்க.”

கேட்டிருக்கிறார். ஒன்று கையெழுத்து, இல்லையென்றால் கதவைக் கழற்றுகிறேன் என்று. என்னமோ பண்ணித் தொலை என்று மேலாளர் சொன்னாராம். அதையும் போனில்தான் சொன்னார்.

கதவு உண்மையாகவே போய்விட்டதா என்று நானே போய்ப் பார்த்தேன். பிறர் சொல்லை நம்பிக் கணக்கை முடிப்பது என் வழக்கமில்லை. கதவும் இல்லை, கதவுச் சட்டமும் இல்லை, திருகாணி இருந்த ஓட்டைகளைப் பூசியிருந்தார்கள், வர்ணம் ஒட்டாமல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கண்ணாடி ஓரம் முழுக்க மேசைகள். எல்லா மேசையிலும் ஆட்கள். கிசுகிசுப்பு, தட்டும் சத்தம், யாரோ திருட்டுத்தனமாகத் தின்னும் கரிபஃப் வாசனை. மேலே இருந்த அலையை ஒருவரும் பார்க்கவில்லை.

மார்சிலிங்கிலிருந்து நின்றுகொண்டே வந்திருந்தேன். கால் வலித்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பையை வைத்தேன்.

பக்கத்திலிருந்த பெண் காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாள். “ஆன்ட்டி, அங்க ஆள் இருக்கு.”

“எங்க ஆளு?”

“சாப்பிடப் போயிருக்கா. டிஷ்யூ இருக்குல்ல?” மேசையில் இருந்த பாக்கெட்டைக் காட்டினாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தைக் கொடுத்திருக்க மாட்டாள். பார்த்தாலே தெரிந்தது.

“எப்ப வருவா?”

“தெரியாது ஆன்ட்டி.”

ஹாஸ்டல் வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்கும் காரணத்தை யாரும் எழுதி அனுப்பவில்லை.

பையை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே முதுகு வலித்தது. வலிக்கும் என்று நான் கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன்.