பாஸாகக் கூடாத சோதனை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள்; ஒருத்தி என் தங்கை பெற்று என் கையில் விட்டுப் போனவள். ஐவரில் ஒருவர்கூட ஒரு நாளாவது அழுக்கு உடுப்போடு பள்ளிக்கூடம் போனதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

இந்த வெளிநாட்டில், லிட்கம் என்கிற இடத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்மாடி யூனிற் ஒன்றில் இருக்கிறேன். என் கணவர் காலமான பிறகும் அங்கேயேதான், தனியாக. எதிர் யூனிற்றில் ஒரு கொரியக் கிழவி. அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவளுடையது தெரியாது. அதனாலோ என்னவோ, இத்தனை வருடத்தில் ஒரு சண்டையும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே இரும்பு வைத்துத் தைத்து, பிடித்து நடக்க ஒரு வோக்கரும் தந்து அனுப்பினார்கள். மெல்ல நடப்பேன், எனக்கு மட்டும் சோறு காய்ச்சுவேன். குளிப்பதுதான் முடியாமல் போயிற்று. குனிய முடியாது, ஈரத் தரையைக் கண்டால் பயம் வேறு. மூத்த மகள் நர்ஸ். விடியற்காலையில் தன் வீட்டிலிருந்து காரோட்டி வந்து, என்னைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டு வேலைக்குப் போவாள். அங்கேயும் அவளுக்கு ஆட்களைத் தூக்கி நிமிர்த்துகிற வேலைதான். சில மாதங்களில் அவளுக்கு அடிமுதுகில் நாரி வலி பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது.

"அம்மா, ஒண்டில் அரசாங்கத்தின்ரை உதவி எடுப்பம். இல்லாட்டி இந்த யூனிற்றை விட்டுப்போட்டு என்னோடை வாங்கோ. இனி என்னாலை ஏலாதம்மா" என்றாள்.

அவள் வீடு நல்ல வீடு. ஆனால் படுக்கையறை எல்லாம் மாடியில். பகல் முழுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். அங்கே போனால் நான் அவர்களுடைய சோபாவுக்குத் துணை. அதனால் உதவி எடுப்போம் என்றேன்.

எனக்கு உதவி தேவையா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டே குசினித் தட்டுகளைத் துடைத்தேன். மீன் ரோல்ஸ் செய்தேன். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு உடுத்துகிற சேலையைக் கட்டினேன். வோக்கர் பார்க்க அசிங்கமாக இருந்தது. அதைப் பல்கனியில் வைத்து மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன்.

மகளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வந்த வெள்ளைக்காரப் பெண், தொலைபேசியில் தமிழ் பேசுகிற ஆளைக் கூப்பிடவா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். என்னிடம் "யெஸ்", "வெரி குட்", "நோ ப்ராப்ளம்" மூன்றும் இருந்தன. எழுந்து நிற்க முடியுமா? நின்று காட்டினேன். சமைக்க முடியுமா? ரோல்ஸ் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். நீங்களே குளிப்பீர்களா? "நோ ப்ராப்ளம்!" மூன்று ரோல்ஸ் சாப்பிட்டு, இரண்டைக் கையிலும் வாங்கிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தவள், மூன்று நாள் சரியாக எழும்பவில்லை.

சில வாரத்தில் பதில் கடிதம் வந்தது. காலையில் என்னைக் குளிப்பாட்டிவிட்டு, குளியலறையில் நின்றபடியே மகள் அதை வாசித்தாள்.

"என்னவாம்?"

"நீங்கள் நல்லா இருக்கிறியளாம். ஒரு உதவியும் தேவையில்லையாம்."

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். "அப்ப பாஸோ?" என்று கேட்டேன்.

மகள் குளியல் தொட்டியின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டாள். "அம்மா, இது பாஸாகக் கூடாத சோதனையம்மா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, முடிவில் கண்ணைத் துடைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி வந்து பார்க்கும்படி மகள் எழுதிப் போட்டாள். வருகிற நாளுக்கு முன்னால் எனக்கு வகுப்பு நடந்தது. யூனிவர்சிட்டியில் படிக்கிற பேத்திதான் ரீச்சர். அந்த அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"கான் யூ ஷவர் பை யுவர்செல்ஃப்?"

"யெஸ். நோ ப்ராப்ளம்."

"அம்மம்மா! ஃபெயில் பண்ணுங்கோ, ப்ளீஸ்!"

"உன்ரை அம்மா கணக்கிலை ஃபெயில் விட்டதுக்கு நான் அகப்பைக் காம்பாலை போட்டனான். இப்ப என்னையே ஃபெயில் விடச் சொல்லுறியள்."

குசினியிலிருந்து மகள் கத்தினாள்: "நாளைக்கு ஒண்டும் சமைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்! குடிக்க ரீ மட்டும்தான்!"

அடுத்த நாள் அதே பெண் வந்தாள். கழுவாத கோப்பை ஒன்று மகளின் உத்தரவுப்படி குசினித் தொட்டியில் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வோக்கர் என் முன்னால் நின்றது. இந்த முறை தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள். இந்தியத் தமிழ், குரலில் நல்ல மரியாதை.

நாலைந்து கேள்வி சுலபமாகப் போயிற்று. பிறகு அது வந்தது. "அம்மா, நீங்களே குளிச்சுக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

வாய்வரைக்கும் "ஓம், குளிப்பன்" வந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை இது. முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

இந்த முறை லீவு எடுத்திருந்த மகள் சுவரோடு நின்றாள். பேசக் கூடாது என்பதற்காக உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். ஒரு கை நாரியில் இருந்தது.

"ஏலாது, பிள்ளை" என்றேன். "குனிய ஏலாது. காலைத் தூக்கி வைக்கப் பயம். என்ரை மகள்தான் வந்து குளிப்பாட்டுறவள். அவள் வராத நாளிலை ஈரத்துணியாலை துடைச்சுப்போட்டு, குளிச்சிட்டன் எண்டு போனிலை பொய் சொல்லுறனான்."

"என்னம்மா இது?" என்றாள் மகள். அந்தப் பொய் அதுவரை அவளுக்கே தெரியாது.

தொலைபேசியில் அந்தப் பெண் மெதுவாக, "எங்கம்மாவும் ஊர்ல இதே பொய்தான் சொல்லிட்டிருந்தாங்க" என்றாள். உடனே, "ஸாரிம்மா, நான் என் சொந்தக் கதையெல்லாம் பேசக் கூடாது. நீங்க சொன்னத அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்று ஆங்கிலத்துக்கு மாறினாள்.

வெள்ளைக்காரப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அப்படியானால் அந்த ரோல்ஸ் யார் செய்தது என்று கேட்டாள்.

"நான்தான். ரெண்டு நாள் கதிரையிலை இருந்து செய்தனான். நீங்கள் போனாப் பிறகு மூண்டு நாள் படுத்தனான்."

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். தான் போகிற வீடுகளில் பாதி வீட்டில் கிழவிகள் இப்படித்தான் சாப்பாடு போட்டு ஏமாற்றுகிறார்களாம். இந்த வேலைக்கு வந்த பிறகு தன் உடுப்பெல்லாம் இறுகிவிட்டதாம். போகும்போது என் கையைப் பிடித்து, இன்று சொன்னதுதான் கஷ்டமான வேலை என்றாள். அதை மொழிபெயர்க்காமலே விளங்கிக்கொண்டேன்.

உதவி கிடைத்துவிட்டது. இப்போது திங்கள், புதன், வெள்ளி ஒரு நேபாளப் பெண் வருகிறாள். முதல் நாள், அவள் வருவதற்குள் குளித்துச் சுத்தமாக இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. நல்ல வேளையாக எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய கை உரமான கை. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முதுகில் சுடுதண்ணீர் விட்டபோது, இத்தனை மாதம் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அதெல்லாம் தண்ணீரோடு போயிற்று. என் வீட்டில், என் குளியலறையில்.

மகள் சனிக்கிழமை வருகிறாள். அன்று வேலைக்குப் போகிற அவசரம் இல்லாததால், குளிப்பாட்டிய பிறகும் இருந்து ரீ குடித்துவிட்டு, என்னோடு கொஞ்சம் சண்டையும் பிடித்துவிட்டுப் போகிறாள். முன்பு அதற்கு நேரமே இருக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியது பேத்தி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து.

எழுதினது காணும், போதும் பிள்ளை. ஒருக்கா மெல்ல, ஆறுதலா வாசி பாப்பம். எங்கையாவது நான் என்னை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலை நிப்பாட்டு.