ஏணியைப் பிடித்தவள்

காமாட்சி சைகோனில் படங்களுக்குக் குரல் கொடுப்பவள். நடிகைக்குப் பின்னணி பேசுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊர் வழக்கம் வேறு. வெளிநாட்டுப் படம் ஓடும்போது மூலச் சத்தத்தைத் தணித்துவிட்டு, ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எல்லாருடைய வசனத்தையும் வியட்நாமிய மொழியில் வாசிப்பார். கதாநாயகன், மாமியார், போலீஸ்காரர் எல்லாருக்கும் ஒரே வாய். அழக்கூடாது, கத்தக்கூடாது, முக்கியமாக யார் பக்கமும் சேரக்கூடாது. அங்கேயே பிறந்து வளர்ந்த காமாட்சிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

வீட்டில்தான் அவள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாள், தன் பக்கம்! மகன் சண்முகவேல் இன்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டு, சீனர்கள் வாழும் பேட்டையான சோலோனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கப் போய் ஒரு வருஷமாகிறது. கணவர் சொக்கநாதனுக்கு அது தெரியும், இவளுக்குத் தெரியாது. மகனின் சிநேகிதன் கோயிலில் வாய் தவறி உளறியபோதுதான் தெரிந்தது. அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. காரைக்குடியில் அக்கா வீட்டோடு போய்விடுவது, திரும்புவதில்லை என்று முடிவு கட்டி டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். ஒப்புக்கொண்ட ஈரான் படம் ஒன்றுதான் பாக்கி.

ஊர் ஊராகப் பரிசு வாங்கிய படம் அது. டெஹ்ரானில் ஒரு சின்ன வீடு. நிச்சயமான கல்யாணத்தை மகள் வேண்டாமென்று முறித்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவோ கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒத்திகையில் காமாட்சி வாசித்து முடித்ததும், ஏற்பாடு செய்த ஹுவோங் என்ற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, நீங்க வாசிக்கையில அந்த அம்மா ஏன் திருடி மாதிரி பேசறா?”

காமாட்சிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள், இந்த முறை கையில் தாள் இல்லாமல்.

வாசிப்பவளுக்குக் கண் எப்போதும் தாளில்தான். வசனமில்லாத இடம் வந்தால் தண்ணீர் குடிப்பாள், தொண்டையைச் செருமிக்கொள்வாள். அப்படித் தண்ணீர் குடித்த இடத்தில்தான் படமே இருந்தது! கணவன் ஏணி மேல் நின்று பாட்டு முனகிக்கொண்டு சுவரில் வெள்ளையடிக்கிறான். கீழே மனைவி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சொல்ல வாயெடுக்கிறாள், மேலே பார்க்கிறாள், வாயை மூடிக்கொள்கிறாள். அவன் இறங்கட்டும் என்று காத்திருக்கிறாள். அவன் இறங்குகிறான், சிரிக்கிறான், ஏணியை அடுத்த சுவருக்கு நகர்த்துகிறான். பின்னணி இசை கிடையாது. இவள் நல்லவள், அவன் பாவம் என்று படம் எடுத்தவன் நம் காதில் ஓதவுமில்லை. அடேயப்பா, என்ன தைரியம் அந்த மனுஷனுக்கு! காமாட்சி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் படம் திரையிட்டபோது, விஷயம் வெளிப்பட்டபின் கணவன் மனைவி போடும் சண்டையை ஒரே நிதானத்தில் வாசித்தாள். “ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை” என்று கடைசிவரை கேட்கிறான் கணவன். வேறு எதையும் அவளிடம் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம். காமாட்சியின் குரல் மட்டும் இம்மி பிசகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சொக்கநாதன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷமா மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டு எப்படிங்க இருந்தீங்க?”

அவருக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“வாரா வாரம் அவன் கடையில போய்ச் சாப்பிடுவேன். இங்க வந்து ஒங்கிட்டப் பசியில்லம்பேன். ருசியா சமைக்கிறான் காமாட்சி. அதைச் சொல்ல ஒரு ஆளு இல்லாமத்தான் தவிச்சுப் போயிட்டேன்.”

காமாட்சி அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இது போதும், எழுந்திரிங்க. அங்க போய்ச் சாப்பிடுவோம்.”